முந்தி வந்த உயிரின் உரிமை

வாயில்லா ஜீவன்களிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மேடைகளில் பேசுகிறோம், மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் முறை தவறிக் காட்டப்படும் இரக்கம் ஓர் உயிருக்குப் பெருங்கொடுமையாக முடிந்துவிடும் என்பதை ஐம்பது வயதைக் கடந்த பிறகு, என் சொந்த இல்லத்தில்தான் நான் கற்றுக்கொண்டேன். அதை மறைக்காமல் எழுதுவது சிலருக்கேனும் பயன்படும் என்று நம்புகிறேன்.

திருச்சி பாலக்கரையில் உள்ள எங்கள் வீட்டில் ஆறு ஆண்டுகளாகச் சாம்பல் நிறப் பூனை ஒன்று வளர்ந்து வருகிறது. ஐப்பசி மழையில் நனைந்து திண்ணையில் ஒதுங்கிய குட்டி, அப்படியே வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில் எனக்கு நெடுநாளைய நண்பர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற ஆசிரியர். மனைவியை இழந்த அவர், வெளியூரில் உள்ள மகனோடு போய் வாழ முடிவு செய்தார். அவரிடம் ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. "பாய், உங்கள் நபிகள் பூனையிடம் அன்பு காட்டினார்கள் என்று நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? இதை உங்களை நம்பித்தான் விட்டுச் செல்கிறேன்" என்றார். கண் கலங்கி நின்ற மனிதரிடம் மறுப்புச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அமானிதமாக ஏற்றுக்கொண்டேன்.

ஏற்றதில் தவறில்லை. ஆனால் அடுத்த நொடியே தவறு செய்தேன். காவிரிப் பாலத்தைக் கடந்து வீடு வந்ததும் கூடத்தின் நடுவே கூடையை வைத்து மூடியைத் திறந்துவிட்டேன். இரண்டும் ஓரினம்தானே, பழகிக்கொள்ளும் என்று எண்ணினேன். ஒரே கணத்தில் இரு பூனைகளும் உருண்டு புரண்டன. விலக்கப் போன என் கையில் இரத்தம் வழிந்தது. பழைய பூனை பரணில் ஏறிப் பதுங்கியது. இரண்டு நாள் தண்ணீரும் தொடவில்லை. மூன்றாம் நாள் வீட்டை விட்டே போய்விட்டது. "சக்களத்தியைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் உட்கார வைத்தால் மூத்தவள் இருப்பாளா?" என்று என் இல்லாள் கேட்டபோது வீட்டார் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தைய ஜும்ஆவில்தான் பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை மிம்பரில் நின்று விளக்கியிருந்தேன்.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவான செய்தி அது. அப்பெண் பூனைக்கு உணவும் அளிக்கவில்லை. பூமியில் உள்ள சிறு பிராணிகளைத் தின்று பிழைக்கட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. அதன் காரணமாகவே அவள் நரக வேதனைக்கு ஆளானாள் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். இன்னொரு புறம், அபூகதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய வைத்திருந்த நீரைக் குடிக்கப் பூனை ஒன்று வந்தபோது, அது குடிப்பதற்கு வசதியாகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகள் கப்ஷாவிடம், பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்று நபிகளார் கூறியதை எடுத்துரைத்தார்கள். வீட்டோடு வாழும் ஊழியரைப் போல, வீட்டாருள் ஒருவராகப் பூனையை வைத்துப் பேசிய மார்க்கம் இது. அப்படி உரிமை பெற்ற ஓர் உயிரை, அதன் வீட்டிலிருந்தே விரட்டும்படி நான் செய்துவிட்டேன்.

எனக்கு வழி காட்டியது ஒரு பழைய கிதாபு. "சுல்தானுல் உலமா" என்று போற்றப்பட்ட இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 660-இல், அதாவது 1262-இல், கெய்ரோவில் மறைந்தவர்கள். "கவாயிதுல் அஹ்காம்" என்னும் தம் நூலில், மனிதன்மீது கால்நடைகளுக்கும் பிற பிராணிகளுக்கும் உள்ள உரிமைகளை வரிசையாகத் தொகுத்திருக்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் அதற்குச் செலவு செய்ய வேண்டும். தாங்க இயலாத சுமையை ஏற்றக் கூடாது. அவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கிறார்கள்: முட்டியோ, எலும்பை முறித்தோ, காயப்படுத்தியோ அதற்குத் தீங்கு செய்யக்கூடிய வேறொரு பிராணியோடு, அது தன் இனமானாலும் வேற்றினமானாலும், அதை ஒன்றாக அடைக்கக் கூடாது. மாணவப் பருவத்தில் இதைப் படித்தபோது ஆடு மாடுகளைத்தான் நினைத்தேன். ஏறக்குறைய எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த வரி என் வீட்டுக் கூடத்தைப் பற்றியது என்று அப்போது தோன்றவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், நான்காம் நாள் பஜ்ருக்குக் கதவைத் திறந்தபோது சாம்பல் பூனை வாசற்படியில் உட்கார்ந்திருந்தது. அன்றே கால்நடை மருத்துவரிடம் சென்றேன். முதலில் அவர் பூனையைப் பற்றிக் கேட்கவில்லை. என் கையைப் பற்றிக் கேட்டார். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ உடனே சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று என்றார். நான் சுண்ணாம்பு தடவியிருந்தேன். இதைப் படிக்கும் தாய்மார்கள் அவ்வாறு செய்ய வேண்டாம்.

பிறகு அவர் விளக்கியதன் சாரம் இது. பூனை தன் எல்லையை வாசனையால் அறியும் பிராணி. கன்னத்தைத் தூணிலும் கதவிலும் நம் காலிலும் உரசுவது கொஞ்சல் மட்டுமன்று. இது என் இடம் என்று அது இடும் முத்திரை. அந்த எல்லைக்குள் அறிமுகமற்ற வாசனை திடீரென்று நுழைந்தால் அது பகைவனின் படையெடுப்பாகவே தோன்றும். ஆகவே புதியதை முதலில் தனி அறையில் வைக்க வேண்டும். குடற்புழு நீக்கமும் தடுப்பூசியும் முடிந்து, தொற்றுநோய் இல்லையென்று தெரியும்வரை இரண்டு வாரமேனும் அது அங்கேயே இருக்கட்டும். அந்நாட்களில் ஒன்று படுத்த துணியை மற்றொன்றின் இடத்தில் போட்டு வாசனையைப் பழக்கலாம். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் ஒரே வேளையில் இரண்டுக்கும் உணவு வைத்தால், அந்த வாசனை வரும்போது நல்லது நடக்கிறது என்று அவை உணரும். அதன் பிறகே கதவிடுக்கின் வழியாகப் பார்வை; அதன் பிறகே நம் கண்ணெதிரில் சிறிது நேரச் சந்திப்பு. சீறினால் அஞ்ச வேண்டாம், அது எச்சரிக்கைதான். பாய்ந்து சண்டையிட்டால் ஒரு படி பின்வாங்கித் தொடங்க வேண்டும். கையால் விலக்கவே கூடாது.

உணவுத் தட்டும் படுக்கையும் தனித்தனியே இருக்க வேண்டும். மலஜலத்துக்கான மணல் தொட்டிகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருப்பது நல்லது. பூனையின் உடல் தூய்மையானதே ஆயினும் அதன் சிறுநீரும் மலமும் அசுத்தம் என்பதால், தொழுகை விரிப்பைக் காக்கவும் இது உதவும். தயிர்ச்சோற்றிலேயே வளர்ந்த ஸ்ரீரங்கத்து வெள்ளைக்கு மீனும் பழக்கினோம். பூனை இயல்பிலேயே இறைச்சி உண்ணும் படைப்பு என்றும், சோறு மட்டும் அதற்குப் போதாது என்றும் மருத்துவர் கூறினார்.

"ஹஜ்ரத், பூனையை அறையில் அடைப்பது அந்த ஹதீஸில் கண்டிக்கப்பட்ட செயல் ஆகாதா?" என்று ஜமாஅத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அப்பெண்ணின் குற்றம் அடைத்தது மட்டுமன்று, அடைத்துவிட்டுப் பட்டினி போட்டது. உணவும் நீரும் குறைவின்றி அளித்தால் பூனையை வீட்டில் தடுத்து வைத்து வளர்க்கலாம் என்று ஹதீஸ் விளக்கவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இரண்டு உயிர்களையும் காக்கச் சில வாரங்கள் கவனத்தோடு பிரித்து வைப்பது கொடுமையன்று, அது காவல்.

இனி நான் வருந்தி எழுத வேண்டிய செய்திக்கு வருகிறேன். அந்தக் கலவரமான நாட்களில் என் மகனே, "அத்தா, ஒன்றைச் சாக்கில் கட்டி அக்கரையில் விட்டுவிடலாமே" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஊர் வழக்கத்தையே அவன் சொன்னான். திருச்சிக்காரர் வேண்டாத பூனையை ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கத்தில் விடுகிறார். ஸ்ரீரங்கத்துக்காரர் அதைக் காந்தி மார்க்கெட்டில் விடுகிறார். இரு கரையாரும் பாவத்தைக் காவிரி கழுவிவிடும் என்று நினைக்கிறார்கள் போலும்! "அவிழ்த்து விட்டிருக்கலாமே என்று ஹதீஸே கூறுகிறதே" என்று இதற்கு வாதமும் செய்வார்கள். தன் இரையைத் தானே தேடத் தெரிந்த பூனையைத் தடுக்காமல் விடுவது ஒன்று. வீட்டுச் சோற்றை நம்பி வளர்ந்ததை அறிமுகமற்ற தெருவில், நாய்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவே எறிவது வேறொன்று. முன்னது விடுதலை; பின்னது கைவிடுதல். பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமே.

வளர்க்க இயலாதவர் வேறொரு நல்ல வீட்டைத் தேடட்டும். ஒன்பது வார கருவில் குட்டிகளை ஈன்றுவிடும் பிராணி பூனை. குட்டிகளைக் குப்பைத்தொட்டியில் வீசுவதைவிடக் கருத்தடை செய்வது மேல் என்பது என் கருத்து. இதில் மாற்றுக் கருத்துடைய ஆலிம்களும் உள்ளனர். ஆயினும் கேடு நேராதவாறு செய்தால் கூடும் என்று இக்கால ஆலிம்கள் பலர் கூறியுள்ளனர்.

நம் முன்னோர் இதற்குக் கண்ட வழியையும் எண்ணிப் பாருங்கள். 1260 முதல் 1277 வரை எகிப்தை ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோவில் தம் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு தோட்டத்தைப் பூனைகளின் உணவுக்காக வக்பு செய்தார். 1830-களில் அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் எட்வர்ட் லேன், தோட்டம் கைமாறிப் போன பிறகும் காழி தம் பொறுப்பில் நாள்தோறும் அஸர் வேளையில் பூனைகளுக்கு உணவளித்து வந்ததையும், வளர்க்க முடியாத பூனைகளை மக்கள் அங்கே கொண்டுபோய் விட்டதையும் எழுதிவைத்திருக்கிறார். அவர்கள் ஆற்றுக்கு அப்பால் எறியவில்லை. ஒரு பொறுப்பாளரிடம் ஒப்படைத்தார்கள்.

ஏழு வாரம் ஆயிற்று எங்கள் வீட்டில் அமைதி திரும்ப. இன்றும் அவ்விரண்டும் நண்பர்கள் அல்ல. திண்ணையின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று உறங்கும். முதலில் சாம்பலுக்குத்தான் தட்டு வைப்போம், பிறகே வெள்ளைக்கு. ஒன்றையொன்று நேசிக்கும்படி அவற்றை நம்மால் பணிக்க முடியாது. அஞ்சாமல் உண்ணவும் உறங்கவும் இரண்டுக்கும் இடமளிக்க நம்மால் முடியும். நாளை நம்மிடம் கேட்கப்படுவதும் அதுவே.

ஆகவே, இரண்டாவது பூனையை வீட்டுக்கு அழைத்துவர எண்ணும் சகோதர சகோதரிகளே! தனி அறைக்கு இடமும், ஒரு மாதத்துக்கு மேலான பொறுமையும் உங்களிடம் உண்டா என்று முதலில் எண்ணிப் பாருங்கள். வீட்டில் உள்ளது முதுமையுற்றோ நோயுற்றோ இருந்தால், புதியதற்கு வேறு இல்லம் தேடிக் கொடுப்பதே நன்மை. வருவதற்கு அன்பு காட்டும் ஆவலில், முந்தி வந்ததன் உரிமையைப் பறித்துவிடாதீர்கள்.

சென்ற மாதம் ஆசிரியர் நண்பர் தொலைபேசியில் அழைத்து, "என் பிள்ளை எப்படி இருக்கிறது, பாய்?" என்று கேட்டார். "நலமாக இருக்கிறது, மூத்தவளும் நலம்" என்றேன். அந்தப் பதிலைத் தயக்கமின்றிச் சொல்லும் தகுதியை நம் அனைவருக்கும் எல்லாம் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.