வயல் யார் வசம்?

கேள்வி: "மூன்று ஏக்கர் சம்பா. நட்டு 70 நாள் ஆகிறது. 40ஆம் நாள் இலைச்சுருட்டுப் புழுவுக்கு ஒரு மருந்து அடித்தேன். அதன் பிறகு புகையான் வந்தது. வாடகைக்குப் பவர் ஸ்பிரேயர் எடுத்து இரண்டு முறை அடித்தாயிற்று. அடித்த சில நாள் குறைந்த மாதிரி இருக்கிறது, பிறகு முன்பைவிட அதிகம். பள்ளமான பக்கத்தில் இரண்டு இடம் வட்டமாகத் தீய்ந்துவிட்டது. எல்லாம் கைமாற்று வாங்கிச் செய்த செலவு. என் அப்பா வரப்பில் நடந்தபடியே பயிருக்கு என்ன குறை என்று சொல்லுவார். அவருக்கு வசப்பட்ட தொழில் எனக்கு வசப்படவில்லை. இந்த அறுப்போடு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூர் போய்விடலாமா என்று யோசிக்கிறேன்."
- மன்னார்குடி பக்கமிருந்து ஒரு வாசகர்

பதில்: இவருக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். இதழ் அச்சாகி வரும்வரை புகையான் காத்திருக்காது. ஆனால் இதே கதையை வேறு பலரும் எழுதுவதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன். குத்தகை பேச்சு பிறகு, முதலில் வயல்.

"அடித்த சில நாள் குறைந்து, பிறகு முன்பைவிட அதிகம்" என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அந்த வரியில்தான் இருக்கிறது. தாய்ப் புகையான் முட்டையை இலையின் மேல் வைப்பதில்லை. இலையுறையின் சதைக்குள் செருகி வைக்கிறது. மேலே அடிக்கும் மருந்து அங்கே எட்டுவது கடினம். பறப்பதும் ஊர்வதும் செத்துவிழும், முட்டை பத்திரமாக இருக்கும். சுமார் ஒரு வாரத்தில் குஞ்சு வெளியே வரும். அது வரும்போது வயலில் யார் இருக்கிறார்கள்? அந்த முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சி இல்லை. தூரடியில் ஓடி ஓடிக் குஞ்சைப் பிடிக்கும் சிலந்தியும் இல்லை. உங்கள் மருந்தில் முதலில் போனவை அவைதான். காவல்காரனை அனுப்பிவிட்டுக் களத்தில் நெல்லைக் கொட்டிவைத்த மாதிரி ஆயிற்று. 40ஆம் நாள் இலைச்சுருட்டுக்கு அடித்த மருந்து செயற்கை பைரித்ராய்டு வகையாக இருந்தால் (டப்பாவை எடுத்துப் பாருங்கள்) புகையானுக்கு வழிவிட்டது அதுவாகவே இருக்கலாம்.

இப்போது செய்ய வேண்டியது இது. வயலின் குறுக்காக நடந்து இருபது குத்துகளை விலக்கிப் பாருங்கள். அடித்தண்டைக் கையால் தட்டினால் பூச்சி தண்ணீரில் விழும், எண்ணிவிடலாம். சிலந்தி கண்ணில் படாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்து தேவைப்படும் நிலை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. இதைத் தாண்டியிருந்தால் தண்ணீரை வடித்துவிட்டு, புகையானுக்கென்று பரிந்துரைத்த மருந்தை மட்டும், மருந்துக்கடையில் அல்ல, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு, டப்பாவில் போட்ட அளவில் அடியுங்கள். விசிறியின் முனை தூரடியை நோக்கியிருக்க வேண்டும். தீய்ந்த வட்டத்தின் ஓரத்தில்தான் பூச்சி கூட்டமாக இருக்கும், அங்கே கவனம் வையுங்கள். எட்டடிக்கு ஒருமுறை பயிரை இருபுறமும் விலக்கி ஒரு அடி பட்டம் எடுத்தால் வெயிலும் காற்றும் உள்ளே போகும். இனி யூரியா வேண்டாம். தண்ணீரைத் தேக்கிவைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடுங்கள். தீய்ந்த இடம் திரும்பாது. அது போனது போனதுதான்.

சரி, அந்த 'வசம்'.

நம் பேச்சில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. தையல் அவளுக்குக் கைவசம் என்றால் திறமையைச் சொல்கிறோம். நிலம் பங்காளி வசம் இருக்கிறது என்றால் பிடியைச் சொல்கிறோம். வயல் வேலையில் இந்த இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். மருந்து, யூரியா, மோட்டார் எல்லாம் என் கையில் இருந்தால் வயலும் என் கையில் என்று நினைப்போம். நீங்கள் 30 நாளாகத் தேடியது இந்தப் பிடியைத்தான். உங்கள் அப்பாவிடம் நீங்கள் பார்த்தது மற்றதை. மாடு பழக்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கயிற்றை இறுக்கியே வைத்திருப்பவனிடம் கன்று ஏர் பழகாது. எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று மாட்டைப் பார்த்து அவனும் பழக வேண்டும்.

அப்பா காலத்தை உயர்த்திப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. பி.எச்.சி. தூளை வெறுங்கையால் தூவிய தலைமுறையும் அதுதான்.

ஒரு நாடே இந்தத் தொல்லையில் மாட்டிக்கொண்டது உண்டு. இந்தோனேசியா 1984-ல் அரிசியில் தன்னிறைவு என்று அறிவித்தது. பூச்சிமருந்து விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்தது. விவசாயிகள் தாராளமாக அடித்தார்கள். அடுத்த இரண்டு வருடத்தில் ஜாவா தீவில் புகையான் வயல் வயலாகத் தீய்த்தது. அடிக்க அடிக்கப் புகையான் கூடுகிறது என்பதைப் பிலிப்பைன்ஸ் வயல்களில் பீட்டர் கென்மோர் என்ற ஆய்வாளர் அதற்கு முன்பே காட்டியிருந்தார். 1986 நவம்பரில் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு தடை செய்தது. 1989-க்குள் மானியமும் நின்றது. மருந்து குறைந்தது, அரிசி விளைச்சல் குறையவில்லை.

எனக்கு அதில் பிடித்தது தடையைவிட அதன் பிறகு நடந்தது. 1989 முதல் அங்கே வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இருபத்தைந்து பேர் வரை வாரம் ஒருநாள் வயலில் கூடுவார்கள். குத்துகளை விலக்கி எண்ணி, பார்த்ததைப் பெரிய தாளில் படமாக வரைந்து, இந்த வாரம் என்ன செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று விவாதித்து முடிவெடுப்பார்கள். புகையானையும் சிலந்தியையும் ஒரே பாட்டிலில் விட்டு வேடிக்கை பார்ப்பார்கள். இளம் பயிரின் இலையைக் கத்தரியால் வெட்டிவிட்டு, அது எவ்வளவு மீண்டு வருகிறது என்று அளப்பார்கள். இலைச்சுருட்டைக் கண்டதும் மருந்துக்கு ஓடும் பதற்றம் அப்படித்தான் அடங்கியது. வயல்வெளிப் பள்ளி இப்போது நம் பக்கமும் நடக்கிறது, விரிவாக்க மையத்தில் விசாரியுங்கள்.

ஆக, உங்களுக்குத் தொழில் வரவில்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 40ஆம் நாள் அடித்தது, 70ஆம் நாள் தீய்ந்தது, பள்ளத்தில்தான் அதிகம் என்று இவ்வளவு சரியாக எழுதியிருக்கிறீர்கள். பார்க்கத் தெரிந்தவர் எழுதிய கடிதம் இது. அந்தப் பார்வையை வாரம் ஒருநாள் நோட்டில் ஏற்றுங்கள். அப்பாவால் வரப்பு வரை வர முடியவில்லை என்றால் ஒரு குத்தை வேரோடு பிடுங்கித் திண்ணைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எதைப் பார்த்து முடிவுக்கு வருகிறார் என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெரியவர்கள் கேட்டால்தான் சொல்வார்கள்.

குத்தகைக்கு விடுவதா என்பது வீட்டுக் கணக்கு. மருந்து, வாடகை, ஆள்கூலி, கைமாற்று வட்டி என்று மூன்று தெளிப்புக்கும் ஆன செலவைத் தனியாக எழுதிவைத்து, அது இல்லாமல் இந்தப் போகம் என்ன மிஞ்சியிருக்கும் என்று அறுப்பு முடிந்து பாருங்கள். அதற்கு முன்னால் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: "புகையானுக்கு டிரோன் வைத்து அடித்தால் வேலை சீக்கிரம் முடியுமா?"
- திருவாரூர் வாசகர்

பதில்: வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பயிர் அடர்ந்துவிட்ட நிலையில் மேலிருந்து விழும் மருந்து பெரும்பாலும் மேல் இலையிலேயே தங்கிவிடும், புகையான் இருப்பதோ தண்ணீரை ஒட்டிய அடித்தண்டில். இதற்கு ஆள் இறங்கித் தூரடியில் அடிப்பதே மேல். அதற்கும் முன்னால், எண்ணிப் பார்த்துவிட்டீர்களா?