இடிக்கச் சொல்லும் நான்கு காரணங்கள்

சென்னையில் ஒரு பழைய வணிகக் கட்டடத்தைச் சுற்றித் தகரம் அடைத்தால் போதும், அதற்கான நியாயங்கள் வரிசையாக வந்து நிற்கும். கட்டடம் ஆபத்தானது. இந்தக் காலத்துக் கடைக்கு உதவாது. வெள்ளைக்காரன் கட்டியது, போனால் போகட்டும். அடுத்தவர் சொத்தில் நமக்கென்ன பேச்சு? படித்தவர்களும் நம்பிச் சொல்கிற வாதங்கள்தாம் இவை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. "பழசு, எந்த நேரமும் விழும்"

2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைப் பலிகொண்ட பதினோரு மாடிக் கட்டடம், அப்போது கட்டி முடிக்கப்படவே இல்லை. 2017 மே மாதம் தியாகராய நகரில் தீக்கிரையாகி, பிறகு இடித்துத் தள்ளப்பட்ட ஏழு மாடித் துணிக்கடை இந்தக் காலத்துக் கான்கிரீட் கட்டடம். பழையவையும் எரிந்திருக்கின்றன, மறைக்கவில்லை. அண்ணா சாலையின் பழைய ஸ்பென்சர் கட்டடத்தை 1983-ல் தீ தின்றது. தீ கட்டடத்தின் பிறந்த தேதியைப் பார்த்து வருவதில்லை.

பழைய கட்டடத்துக்கு வரும் நோய் வேறு. சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. காரை உப்பி உதிர்கிறது, செங்கல் பொரிகிறது. மெட்ராஸ் டெரஸ் என்கிற மாடித்தளத்தில் மர உத்திரங்களின்மேல் சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, தட்டோடு பதித்திருப்பார்கள். மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, ஓட்டின் இடுக்கில் அரசஞ்செடி வேர்விட்டு, பத்து வருடம் யாரும் மாடிப்பக்கம் போகாவிட்டால் உத்திரம் இற்றுப்போகும். நாமோ அந்தப் பத்து வருடத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தின் நூறு வயதைக் குற்றம் சொல்கிறோம்.

2. "இந்தக் காலத்துக் கடைக்கு உதவாது"

1844-ல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, 1904-ல் அண்ணா சாலையில் கட்டிய கட்டடத்திலேயே நூறாண்டைத் தாண்டிப் புத்தகம் விற்றது. ராஜாஜி சாலையில் மெட்ராஸ் வங்கிக்காக 1890-களில் கட்டிய மாளிகை, பாரத ஸ்டேட் வங்கியின் கையிலும் வங்கியாகவே தொடர்ந்தது. உயர்ந்த கூரையும் தாராளமான சன்னல்களும் சென்னை வெயிலைத் தெரிந்து வைத்தவை.

கடல் தாண்டிப் போனால் இன்னும் தெளிவாகும். கீழே கடை, மேலே வீடு, முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க மூடிய நடைபாதை. அங்குள்ள தமிழர்கள் 'அஞ்சடி' என்று சொல்லும் அந்த நடைபாதையோடு கூடிய கட்டட வரிசைகளைச் சிங்கப்பூர் அரசு தேக்கா வட்டாரத்தில் 1989-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அங்கே பூக்கடையும் நகைக்கடையும் சாப்பாட்டுக் கடையும் நடக்கின்றன. அதே சிங்கப்பூர், மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளை இடித்துவிட்டது. தேக்காவுக்கு இன்று ஊரே போகிறது. கிட்டங்கிகளைப் பழைய படங்களில்தான் தேட வேண்டும். பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதற்கும் இத்தகைய கடைவரிசைகளே பெரிய காரணம்.

3. "வெள்ளைக்காரன் கட்டியது"

வரைபடம் போட்டவர்களில் பலர் ஆங்கிலேயர்கள்தாம். கட்டி எழுப்பியவர் யார்? மெட்ராஸ் வங்கி மாளிகையைக் கட்டிய ஒப்பந்ததாரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. செங்கல் அறுத்த கையும் சுண்ணாம்பு அரைத்த கையும் இந்த மண்ணுடையவை.

அண்ணா சாலையின் சிவப்புச் செங்கல் அடையாளமான பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பாருங்கள். 1897-ல் அது ஸ்மித் என்கிற ஆங்கில மருந்து வணிகரின் கார்டைல் கட்டடம். 1934-ல் அதை வாங்கிய பாரத் இன்சூரன்ஸ், 1896-ல் லாகூரில் இந்தியர்கள் தொடங்கிய நிறுவனம். ஆங்கிலேயர் கோலோச்சிய சாலையில், அவர்கள் ஆட்சிக் காலத்திலேயே, அவர்களுடையதாக இருந்த கட்டடத்தின்மேல் 'பாரத்' என்ற பெயர் ஏறியது. அதை இடித்தால் அந்தக் கதையும் சேர்ந்துதான் இடிபடும்.

4. "உரிமையாளர் சொத்து, அவர் விருப்பம்"

நான்கில் கொஞ்சம் வலுவுள்ள வாதம் இதுதான். மனையின் மதிப்பு ஏறும்போது, ஊருக்காக நீ நஷ்டப்படு என்று ஒருவரிடம் மட்டும் சொல்வது நியாயமில்லை. அதற்கு வழி இருக்கிறது. 1995-ல் பாரம்பரியக் கட்டட விதிகளைக் கொண்டுவந்த மும்பை, அத்தகைய கட்டடம் நிற்கும் மனையில் கட்ட முடியாமல்போகும் தளப்பரப்பை வேறிடத்தில் கட்டிக்கொள்ளும் உரிமையாக மாற்றி விற்க வகைசெய்தது. கட்டடமும் நிற்கும், சொந்தக்காரர் கைக்குப் பணமும் வரும்.

ஆனால் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தில் இந்த வாதமே எழாது. அதன் உரிமையாளர் பொதுத்துறை நிறுவனமான எல்.ஐ.சி. 2006-ல் இடிப்பு வேலை தொடங்கியபோது பாரம்பரியப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. 2010-ல் கட்டடத்தைக் காக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. 2012-ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் பிறந்தது. அத்தனைக்கும் பிறகு பல ஆண்டுகள் அந்தக் கட்டடம் கடையோ அலுவலகமோ இல்லாமல் சிதைந்துகொண்டு கிடந்தது.

இடிக்காதே என்று நீதிமன்றம் உத்தரவு போடலாம். மாடிக்கு ஏறி அரசஞ்செடியைப் பிடுங்குவதும், அடைத்த குழாயைத் திறப்பதும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூப்பிடுவதும் உரிமையாளர் வேலை. கடைக்காகக் கட்டிய இடம் அது. பழுது பார்த்து, கதவைத் திறந்து, வாடகைக்கு விடுங்கள். உள்ளே வியாபாரம் நடந்தால், ஒழுகுகிற முதல் நாளே புகார் சொல்ல ஒரு வாடகைக்காரர் இருப்பார்.