கூரைக்கு விதி வேண்டும், காதுக்கு வேண்டாம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இன்று கூரைகள் வானத்தை நோக்கிக் காத்திருக்கின்றன. எழுவான்கரையில் மாடிவீட்டின் மேற்றளத்திலும், படுவான்கரையில் தகரக் கூரையின் ஓரத்திலும் டிஷ் அன்ரனாக்கள் நிற்கின்றன. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஸ்டார்லிங்க் சேவை இலங்கையில் ஆரம்பமான பின்னர், தட்டையான புதுக்கருவி ஒன்றும் இவற்றோடு சேரும் காலம் வந்துவிட்டது. இவற்றை எங்கே நாட்டலாம், எவ்வளவு உயரத்தில் நாட்டலாம், யாரிடம் கேட்டு நாட்டவேண்டும் என்னும் வினாக்கள் எமது உள்ளூராட்சி மன்றங்களின் மேசைக்கு வந்தே தீரும். வருவதற்கு முன்னரே எமது கருத்தைக் கூறிவைப்பது கடமையெனக் கருதுகிறோம்.

காணிப் பிரச்சினையும் மேய்ச்சற்றரைப் பிரச்சினையும் தீராதிருக்க, கூரைத் தட்டைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வினவலாம். அவர்களுக்கு எமது விடை இதுதான்: சாதாரணக் குடிமகன் அரசாங்கத்தைச் சந்திப்பது பாராளுமன்ற மண்டபத்திலன்று; பிரதேச சபையின் வாசலிலேயே. பெரிய சட்டங்களைப் பற்றி அவன் பத்திரிகையில் வாசிக்கிறான். சிறிய விதிகளையோ தன் முதுகில் உணர்கிறான்.

சில காலத்துக்கு முன் படுவான்கரையைச் சேர்ந்த வயது முதிர்ந்த விதவை ஒருவர் எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கிறார்கள். மாலையில் அவருக்குத் துணையாக இருப்பது தமிழ் நிகழ்ச்சிகளைக் கொண்டுவரும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. சபையிலிருந்து வந்ததாகக் கூறிய ஒருவர், அனுமதியின்றி நாட்டிய டிஷ்ஷுக்குக் கட்டணம் செலுத்தவேண்டும், இல்லையேல் கழற்றவேண்டும் என்று வாயால் மட்டும் உத்தரவிட்டுச் சென்றாராம். எந்த விதியின்கீழ் இக்கட்டணம் கேட்கப்படுகிறது, அவ்விதி எந்த வர்த்தமானியில் வெளிவந்தது என்ற இரண்டே வினாக்களை எழுதி அனுப்பினோம். இன்றுவரை விடையில்லை, கட்டணம் கேட்டு எவரும் திரும்பி வரவுமில்லை. ஆனால் எம்மைத் தேடி வராத விதவைகள் எத்தனை பேர்? அவர்கள் கட்டியிருப்பார்கள், அல்லது கழற்றியிருப்பார்கள்.

ஆகவே முதலிற் சட்டத்தின் நிலையைத் தெளிவாக்குவோம். வானலை வேறு, கூரை வேறு. வானலையை ஆள்வது 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டம். எந்தக் கருவிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், எந்தச் சேவையை நடத்தலாம் என்பவை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குரிய விடயங்கள். கூரையையும் சுவரையும் ஆள்பவை 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1978ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும், மாநகர சபைகளுக்கும் பிரதேச சபைகளுக்கும் உபவிதி இயற்றும் அதிகாரமளித்த சட்டங்களுமேயாகும். எனவே ஒரு சபை கேட்கக்கூடிய வினா ஒன்றே: "இக்கம்பம் விழுந்து எவருக்கேனும் தீங்கு நேருமா?" அந்தக் கம்பத்தின் வழியே வீட்டுக்காரர் எதைப் பார்க்கிறார், எதைக் கேட்கிறார் என்று விசாரிப்பது சபையின் வேலையன்று. உரிய அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவராத உபவிதி விதியே அன்று. அது வெறும் கடதாசி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அவ்விதியின் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு.

இதனால் விதியே வேண்டாமென்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளலாகாது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவை மட்டக்களப்பு மறக்கவில்லை. அன்று வீசிய சூறாவளியில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கூரையிழந்த குடும்பங்களுக்குக் கணக்கில்லை. அப்படிப்பட்ட காற்றில் சரியாகப் பிணைக்கப்படாத இரும்புத் தட்டு ஒன்று அயல் வீட்டின்மேல் என்ன செய்யும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. போதாக்குறைக்குக் கடலுக்கும் வாவிக்கும் இடையிற் கிடக்கும் எமது ஊர்களில் உப்புக்காற்று ஆணியையும் கம்பியையும் அரித்துக்கொண்டேயிருக்கிறது. நாட்டிய நாளில் உறுதியாக நின்ற கம்பம் சில மாரிகளின்பின் உறுதியாக நிற்குமென்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவே பிணைப்பைப் பற்றியும், மின்கம்பிக்கும் கம்பத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியும், மின்னலிலிருந்து காப்பதைப் பற்றியும் விதி இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் விதி செய்பவர் பொருளின் தன்மையை அறிந்து செய்தல் வேண்டும். தரையிலிருந்து வரும் தொலைக்காட்சி அலையைப் பிடிக்கும் பழைய அன்ரனாவுக்கு உயரம் வேண்டும். டிஷ்ஷுக்கு வேண்டுவது உயரமன்று, மறைப்பில்லாத வானம். அது நோக்கும் செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள எமக்கு அயலிலுள்ள நாடுகளின் செய்மதிகள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கின்றன. தென்னையின் நிழல் விழாத வளவாயின் நிலத்தில் ஒரு சிறு கொங்கிறீற் மேடையிலேயே டிஷ்ஷை நாட்டிவிடலாம். இதனை அறியாது, நெடுங்கம்பத்துக்கும் நிலத்திலிருக்கும் தட்டுக்கும் ஒரே படிவம், ஒரே கட்டணம் என்று விதித்தால் அது ஒழுங்குமன்று, நியாயமுமன்று.

வெளிநாடுகள் இவ்வழக்கை முன்னரே கண்டுவிட்டன. சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமின் புறநகர் றிங்கபி. அங்கு வாடகைக்குக் குடியிருந்த ஈராக்கிய வம்சாவளித் தம்பதியர், தாய்மொழி நிகழ்ச்சிகளைப் பெறுவதற்காக டிஷ் ஒன்றைப் பொருத்தினர். கழற்று என்றார் வீட்டு உரிமையாளர், அவர்கள் மறுத்தனர். உள்நாட்டு மன்று உரிமையாளர் பக்கம் தீர்ப்பளிக்க, மூன்று பிள்ளைகளோடு அவர்கள் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2008ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதி மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றம் சுவீடன் அவர்களுடைய உரிமையை மீறிவிட்டதெனத் தீர்ப்பளித்தது. அரசியற் செய்தி மட்டுமன்றி, தம் மொழியிலும் பண்பாட்டிலும் எழும் கலைநிகழ்ச்சிகளும் பொழுதுபோக்கும்கூட ஒரு குடும்பம் பெறவேண்டிய தகவலே என்பது அத்தீர்ப்பின் சாரம். ஐக்கிய அமெரிக்காவிலும் 1996ஆம் ஆண்டு தொடக்கம், ஒரு மீற்றருக்கு மேற்படாத டிஷ்ஷை ஒருவர் தம் பாவனையிலுள்ள இடத்தில் நாட்டுவதை நகரசபையோ குடியிருப்போர் சங்கமோ நியாயமின்றித் தடுக்க முடியாது. உண்மையான பாதுகாப்புக் காரணம் இருந்தால் விதிவிலக்கு உண்டு.

இத்தீர்ப்புகள் எமது மன்றுகளைக் கட்டுப்படுத்தா என்பதை நாம் அறிவோம். எனினும் எமது நாட்டிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. இலங்கை வானொலியில் நடந்துகொண்டிருந்த முறைசாராக் கல்வி நிகழ்ச்சி திடீரென நிறுத்தப்பட்டபோது, அதிற் பங்குபற்றி வந்த நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் சென்றார். 1996ஆம் ஆண்டில் அவருடைய பேச்சுரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் தீர்த்தது. நேயருக்கு எல்லையற்ற உரிமை உண்டென அத்தீர்ப்பு கூறவில்லை. ஆயினும் நேயர் என்பவர் வாய்பொத்தி இருக்கவேண்டிய வெறும் பொம்மையல்லர் என்பதை அது நிலைநாட்டியது.

தமிழ் பேசும் மக்களுக்கு இவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயன்று. போர்க்காலத்தில் பிபிசி தமிழோசைக்கும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலிக்கும் காது கொடுத்தே தம் ஊரில் நடந்ததை அறிந்துகொண்டவர்கள் எத்தனை பேர்! தூரத்துக் குரல் ஒன்றே துணையாயிருந்த காலத்தைக் கடந்து வந்த சமுதாயம், அக்குரல் வரும் வாசலை ஒரு கட்டணச் சீட்டுக்காக அடைக்க உடன்படலாமா?

இங்கே ஒரு வேறுபாட்டையும் வலியுறுத்த விரும்புகிறோம். கம்பனிகள் வருவாய்க்காக எழுப்பும் தொலைத்தொடர்புக் கோபுரம் வேறு. அதற்குக் கடுமையான விதி வேண்டும். அயலவரைக் கேட்ட பின்னரே அனுமதி வழங்கவேண்டும். 2019ஆம் ஆண்டில் யாழ்ப்பாண நகரில் நாட்டப்பட்ட கம்பங்களைக் குறித்து எழுந்த கிளர்ச்சி, மக்களிடம் முன்கூட்டி விளக்காத நிர்வாகம் எத்தகைய ஐயத்தைத் தேடிக்கொள்ளும் என்பதைக் காட்டியது. ஆனால் கோபுரத்தின்மீதுள்ள அச்சத்தை ஏழையின் டிஷ்ஷின்மேல் இறக்கிவைப்பது, யானையை விட்டுவிட்டுப் பூனைக்கு விலங்கிடுவதாகும்.

எமது கோரிக்கை எளியது. ஒரு மீற்றருக்கு மேற்படாத டிஷ்ஷுக்கு முன்னனுமதியும் கட்டணமும் வேண்டாம். பாதுகாப்பு விதிகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஒவ்வொரு கிராம சேவையாளர் அலுவலகத்திலும் ஒட்டுங்கள். ஆபத்தான கம்பத்தைக் கண்டால் காரணத்தை எழுத்தில் கொடுத்துத் திருத்துவதற்குத் தவணை வழங்குங்கள். வாடகைக் குடியிருப்பாளருக்கும் இவ்வுரிமை உண்டெனத் தெளிவாக எழுதுங்கள். மட்டக்களப்பு மாநகரிலும், காத்தான்குடியிலும், ஏறாவூரிலும், படுவான்கரையின் கடைக்கோடியிலும் இதுவே விதியாகட்டும்.

2023 மார்ச் தொடக்கம் ஈராண்டுக்கு மேலாக எமது சபைகளை உத்தியோகத்தர்களே நடத்தினர். 2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி மக்கள் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளை அனுப்பினர். கொழும்பிடம் அதிகாரம் கேட்பவர்கள் நாம். பெரிய அதிகாரத்தைக் கேட்கும் கை, கிடைத்த சிறிய அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதை மற்றவர்களும் பார்க்கிறார்கள்; எமது மக்கள் அதைவிட உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். அந்த விதவையின் கூரையிலுள்ள தட்டு விழாதபடி பார்த்துக்கொள்வது சபையின் கடமை. அதன் வழியே வரும் தமிழ் அவருடையது. அதற்கு வாசற்காவல் எவருக்கும் தேவையில்லை.