அறிவிலா ஆற்றல் மேலாகுமோ?

'கடவுள் இல்லை, ஆயினும் நமக்கு மேலே ஓர் ஆற்றல் உண்டு' என்பாரை இராயபுரம் முதல் எண்ணூர் ஈறாகவுள்ள துறைமுகத் தொழிலாளரிடையே எளிதிற் காணலாம். அவ்வாற்றலை இயற்கை யென்றும் சக்தி யென்றும் அவர் வழங்குவர். கோயிலும் வழிபாடும் வேண்டா என்பர். இவர் நாத்திகரேயோ என்பது ஆராயற்பாலது.

பொதுவுடைமையாளர் ம. சிங்காரவேலர் (1860–1946) இவ்வாறு கூறினாரல்லர். 1923-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் எதிர்க் கடற்கரையில் மே நாட் கூட்டங் கூட்டிய அவர், உலகம் சடப்பொருளின் இயக்கமே யென்று துணிந்து, அதற்குமேல் ஒன்றனைக் குறிப்பாலும் தழுவாது நின்றார். அவரோடு தொழிலாளர்க்கு உழைத்த திரு.வி. கலியாணசுந்தரனாரோ இயற்கையை இறைவனது உடலாகக் கண்டார். இருவர் கொள்கையும் தெளிவுடையன. இடைநிற்பார் கொள்கையே தெளிவிலது.

இஃது இக்காலத்துப் புதுமையும் அன்று. மீமாஞ்சகர் வேதத்தை உடன்பட்டும், வினை தானே பயன் தருமாதலின் இறைவன் வேண்டா என்றனர். நிரீச்சுர சாங்கியர் மூலப்பகுதியே அமையும் என்றனர். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் உலோகாயதனை முதற்கண் வைத்து மறுத்து, இவர்களைப் பின்னர்த் தனித்தனி வைத்தே மறுத்தனர். ஒன்றுமில்லை யென்பானும் ஆற்றல் மட்டும் உண்டென்பானும் ஒருவரல்லர் என்பது அவ்வாசிரியர் அறிந்ததே.

இனி, 'மேல்' என்னும் சொல்லின் பொருள் யாது? எண்ணூரில் 1970 முதல் 2017 வரை அனல்மின் நிலையம் இயங்கிற்று. ஆண்டுக் கொதித்த நீராவி, அதனைக் காத்துநின்ற தொழிலாளியை நொடியிற் கொல்லும் வலியுடையது. எனினும் அவன் அதனைச் செலுத்தினான். அஃது அவனைச் செலுத்திற்றில்லை. வலியது நீராவி, மேலோன் தொழிலாளி. அற்றேல், மனிதன் அடக்கலாகாக் கடல் மேலானதன்றோ எனின், அன்று. 2004 திசம்பர் 26-இல் வடசென்னைக் கரையேறிய ஆழிப்பேரலை, குற்றமுடையார் இவர், குற்றமிலார் இவர் என்று அறிந்து வந்ததன்று. அதனை அஞ்சலாம், நம்புதல் யாங்ஙனம்?

அவர் நம்புகின்றனர் என்பதோ அவர் வாய்மொழியானே விளங்கும். கூலியைக் குறைத்தெழுதிய மேஸ்திரியை நோக்கி, 'அந்தச் சக்தி இவனைச் சும்மா விடாது' என்கின்றனர். விடாமைக்கு, செய்தவன் இவன், செய்தது இது, இதற்குப் பயன் இன்னது என்னும் அறிவு வேண்டும். வினை சடமாதலின் தானே சென்று பற்றாது. ஊட்டுவான் ஒருவன் வேண்டும் என்பதே சித்தாந்தம். திருவொற்றியூரில் மகிழமரத்தடியிற் சங்கிலியார்க்குச் சூளுற்ற சுந்தரர், அது பிழைத்து ஊரெல்லை நீங்கியவுடன் கண்ணிழந்தார் என்று பெரியபுராணம் கூறும். இதனைக் கதையென்று தள்ளுவாரும், சூளுறவை மரம் கேட்டதென்று கொள்ளார். மேஸ்திரியைச் சபிப்பாரும் கேட்பான் ஒருவனை வைத்தே சபிக்கின்றனர்.

ஆகலின், அறியும் ஆற்றலை உடன்படுவார் நாத்திகரல்லர்; அறியா ஆற்றலை உடன்படுவார் மேலான ஒன்றை உடன்பட்டாரல்லர். நாத்திகர்க்கு நல்லொழுக்கம் இன்றென்பது இதன் கருத்தன்று. சிங்காரவேலர் வாழ்க்கையே அதனை மறுக்கும்.

பொருளை உடன்பட்டவர் பெயரை மட்டும் வெறுப்பது என்னை? காரணம் தேடிச் சேய்மை செல்லவேண்டா. சென்னை மாகாணத்துக் கோயிற் கதவுகளை எல்லார்க்கும் திறக்க 1947-இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. அதுகாறும் அடைத்து நின்றார் சிவன் பெயரைச் சொல்லியே அடைத்தனர். அவர்தம் பேரர் சொல்லும் அப்பெயரை, வெளியே நின்றார்தம் பேரர் ஏற்கத் தயங்குதல் நாத்திகம் ஆகாது.