ஆளற்ற வீதியும் முகமூடி வீரனும்

மலினமான பொழுதுபோக்குப் படைப்புகளை ஆராய்வது வீண்வேலை என்னும் எண்ணம் நம் கலைப்பீடங்களில் இன்றும் வேரூன்றி நிற்கின்றது. சங்கச் செய்யுள் முதல் நவீன நாவல் வரை எதனையும் சமூகப் பின்னணியில் வைத்தே நோக்கவேண்டும் என வற்புறுத்துவோர்கூட, சித்திரக்கதையையும் சிறுவர்க்கான சாகசப் படத்தையும் கண்டவுடன் ‘அது வெறும் விளையாட்டுத்தானே’ என ஒதுங்கிக்கொள்கின்றனர். இவ்வொதுக்கம் விமர்சனக் கடமையிலிருந்து நழுவுதலேயாகும். அரசொன்று இழைத்த அநீதி, மக்கள் மனத்தில் இயல்பான நிகழ்ச்சியாக உருமாறுவதற்கு இத்தகைய விளையாட்டுகளே பெரிதும் துணைபுரிகின்றன. 1943 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்காவில் வெளிவந்த ‘பற்மன்’ என்னும் தொடர்படம் இதற்குத் தக்க சான்றாகும்.

1939 இல் சித்திரக்கதை இதழொன்றில் தோன்றிய வௌவால் மனிதனாகிய பற்மன், முதன்முதலாகத் திரையில் நடமாடியது இப்படத்திலேயே. கொலம்பியா நிறுவனம் தயாரித்த இதனை இயக்கியவர் லம்பேர்ட் ஹில்லியர். வாரத்துக்கொன்றாகப் பதினைந்து அத்தியாயங்கள். ஒவ்வொன்றின் இறுதியிலும் வீரன் சாவின் விளிம்பில் நிற்பான். அடுத்த வாரமும் சிறுவர்கள் காசு கொடுத்து வருவர். தொடர்படங்களின் வாணிபமே இதுதான்.

சித்திரக்கதையில் தன்னிச்சையாகக் குற்றவாளிகளை வேட்டையாடிய பற்மன், போர்க்காலத் திரையில் அரசாங்கத்தின் இரகசிய முகவராக மாற்றப்பட்டான். அவனது எதிரி யப்பானிய ஒற்றனாகிய டாக்டர் டாக்கா. இவன் மனிதரை மின்கருவியால் சித்தமற்ற ஏவலாளர்களாக மாற்றுபவன். றேடியத்தைக் கவர்ந்து பேராயுதம் செய்ய முயல்பவன். இப்பாத்திரத்தை ஏற்றவர் ஐரிஷ் வம்சாவளியினரான ஜே. கரொல் நெயிஷ். வெள்ளையர் ஒருவரின் முகத்தில் ஒப்பனை பூசி ‘கீழைத்தேயக் கொடியவனை’ உருவாக்குவது ஹொலிவூட்டின் பழைய வழக்கமாகும். படத்தைக் கண்டிப்போர் பெரும்பாலும் இந்த ஒப்பனையோடு நின்றுவிடுகின்றனர். ஆயின் படத்தின் மெய்யான நஞ்சு வேறிடத்தில் இருக்கின்றது.

முதல் அத்தியாயத்தில் ‘சிறிய டோக்கியோ’ எனப்படும் வீதியைக் கமரா காட்டுகின்றது. கடைகள் மூடிக் கிடக்கின்றன. புத்திசாலியான அரசாங்கம் வஞ்சகக் கண்ணுடைய யப்பானியரைச் சுற்றிவளைத்துக் கொண்டுபோனதனால் இவ்வீதி ஆவிகள் உலாவும் வீதியாகிவிட்டது என்ற கருத்துப்பட, கதைசொல்லியின் குரல் அமைதியாகக் கூறிச் செல்கின்றது. யப்பானியரைக் கொடூரராகக் காட்டும் பொம்மைக் குகை ஒன்று மட்டுமே அங்கு இன்னும் பிழைப்பு நடத்துகின்றது. அதன் உள்ளேதான் டாக்காவின் ஒளிவிடம். அவ்வளவே, கதை நகர்ந்துவிடுகின்றது.

டாக்கா கற்பனை, அவனது மின்கருவியும் முதலைக் குழியும் கற்பனை. ஆனால் ஆளற்ற அந்த வீதி கற்பனையன்று. 1942 பெப்ரவரி 19 இல் சனாதிபதி ரூஸ்வெல்ற் ஒப்பமிட்ட 9066 ஆம் இலக்கக் கட்டளையின் பின்னர், மேற்குக் கரையோரத்திலிருந்து யப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வெளியேற்றப்பட்டு, முட்கம்பி வேலியிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டனர். இவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, வம்சமே குற்றமாயிற்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் உண்மையான சிறிய டோக்கியோவும் இவ்வாறே வெறுமையாக்கப்பட்டது. படம் அரங்குகளில் ஓடிய நாட்களில் அம்மக்கள் மன்சனார் முதலிய முகாம்களில் அடைபட்டுக் கிடந்தனர். அம்முகாம்களிலிருந்தே இளைஞர்கள் பலர் முன்வந்து, 1943 இல் அமைக்கப்பெற்ற 442 ஆவது படைப்பிரிவிற் சேர்ந்து அமெரிக்காவுக்காகப் போரிட்டனர். இவர்களுக்குப் படத்தில் இடமில்லை.

கொடியவனைப் பார்த்துச் சிறுவன் அஞ்சுவான், கேலி செய்வான், வளர்ந்தபின் மறந்தும் விடுவான். பின்னணித் தகவலாக வந்த வாக்கியமோ ஐயுறப்படாமலே அவனுள் தங்கிவிடும். ஒரு மக்கட் கூட்டத்தின் வெளியேற்றம் அங்கு வாதத்துக்குரிய பொருளாக அன்றி, கதை நிகழும் இடத்தின் வருணனையாக வந்துவிடுகின்றது. பிரசாரத்தின் உச்சத் திறமை இதுவே.

‘போர்க்காலத்தில் வேறெதனை எதிர்பார்க்கலாம்?’ என்பர் சிலர். இப்படத்தின் கதையே அவர்களுக்கு விடையிறுக்கின்றது. டாக்காவிடம் பணிபுரியும் அடியாட்களிற் பெரும்பாலோர் வெள்ளை அமெரிக்கர். அவர்களின் துரோகம் தனிமனிதரின் பேராசையாகவும் வீழ்ச்சியாகவும் காட்டப்படுகின்றது; அவர்களுக்காக எந்த வீதியும் வெறுமையாக்கப்படவில்லை. முந்திய ஆண்டில், 1942 இல், ரிபப்ளிக் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பை ஸ்மாஷர்’ தொடர்படமும் சித்திரக்கதையிலிருந்து பிறந்ததே. அதன் கொடியவன் நாசி முகவன். அதற்காக அமெரிக்காவில் வாழ்ந்த ஜேர்மன் வம்சாவளியினர் அனைவரும் ஒற்றர் என அப்படம் சொல்லவில்லை. ஆகவே இப்பாகுபாட்டுக்குப் போர் மட்டும் காரணமாகாது. சிறுவர் சாகசக்கதை என்ற வடிவத்தின் மேலும் பழியைப் போட இயலாது. 1946 இல் சுப்பர்மன் வானொலித் தொடர், சீனக் குடும்பமொன்றைத் துன்புறுத்தும் வெள்ளை நிறவெறிக் கும்பலைக் கதையின் எதிரியாக்கிக் காட்டியது. அதே வடிவம் மனிதத்தின் பக்கமும் நிற்கவல்லது.

இன்னொரு முரணையும் கருதவேண்டும். பற்மன் முகத்தை மறைத்தவன், பெயரை மறைத்தவன், இரவில் இரகசியமாகத் திரிபவன். அவனைப் படம் முழுமையாக நம்பச் சொல்கின்றது. திறந்த முகத்தோடும் சொந்தப் பெயரோடும் பகலிற் கடை நடத்திய மக்களையோ ஒற்றரென நம்பச் சொல்கின்றது. இதற்கு மேலும் இதனை வெறும் விளையாட்டு என்போமா?

பின்வந்த காலம் இப்படத்தை இருவிதமாகத் தப்பவிட்டது. 1965 இல் பதினைந்து அத்தியாயங்களும் ஒன்றாக இணைத்து மீண்டும் திரையிடப்பட்டபோது, மாணவர் உட்படப் பலரும் அதன் அபத்தங்களைக் கண்டு சிரித்து மகிழ்ந்தனர். பிற்கால வீடியோப் பதிப்பிலோ இனவெறிச் சொற்கள் சில மாற்றி ஒலிப்பதிவு செய்யப்பட்டன. சிரிப்பு குற்றத்தை வேடிக்கையாக்கியது. திருத்தம் குற்றத்தின் தடயத்தையே அழித்தது. இரண்டும் தவறு. இத்தகைய படங்கள் உள்ளது உள்ளபடியே காட்டப்படவேண்டும். வரலாறும் உடன்வைத்துக் கற்பிக்கப்படவேண்டும்.

சட்டம் தன் தவறை உணர நெடுங்காலம் சென்றது. 1944 டிசம்பரில் கொரெமற்சு வழக்கில் அமெரிக்க உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தை ஏற்றுக்கொண்டது. அந்நாட்டுக் காங்கிரஸ் நியமித்த ஆணைக்குழு, அம்மக்கள் ஒற்று வேலையோ நாசவேலையோ செய்தமைக்கு ஆதாரமில்லை எனப் பின்னர் கண்டது. 1988 இற் சட்டமொன்றின் மூலம் அரசு மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்தோர்க்குத் தலா 20,000 டொலர் வழங்கியது. கொரெமற்சுத் தீர்ப்பு பிழையானது என 2018 இல் அதே நீதிமன்றமே கூறிற்று. ஆனால் படத்துக்காக எவர் மன்னிப்புக் கோரினார்? அச்சட்டத்துக்குக் கைதட்டப் பழக்கிய குரலை எந்த ஆணைக்குழு விசாரித்தது?

அவ்விசாரணையை விமர்சகனே நடத்தவேண்டும். ‘தரமான’ படைப்புகளை மட்டும் ஆராய்வேன் என்னும் விமர்சகன், இலட்சக்கணக்கானோரின் மனத்தை வனைந்த படைப்புகளை விசாரணையின்றி விடுதலை செய்கின்றான். திரையில் வெறுமையான வீதியொன்று தோன்றும்போது, அங்கு வாழ்ந்தோர் எங்கே போயினர், அவர்களை அனுப்பியவர் யார் என்று கேட்கப் பழகாத கல்வி, எத்துணைப் பட்டங்களைத் தந்தாலும் கல்வியாகாது.