பிடிக்காததுக்கு இரண்டு, பிடித்ததுக்கு ஒன்று

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் மாதிரியான கதை விளையாட்டுகளில் ஊறின ஆக்களுக்குள் ஒரு பக்க விளையாட்டு இருக்கிறது. பெயர் 'சர்வைவர்'. எந்தப் பாத்திரம் சிறந்தது, எந்த அரக்கன் சிறந்தது, எந்தப் பதிப்பு சிறந்தது எண்டு வருசக்கணக்காக நடக்கிற சண்டையை வாக்குப் போட்டுத் தீர்க்கிற விளையாட்டு அது. ஒவ்வொன்றாக வெளியே போய், கடைசியில் ஒன்று மிஞ்சும். உடனே, "பாத்தீங்களா, எல்லாருக்கும் பிடிச்சது இதுதான்" எண்டு சொல்லுவினம். அந்த வசனத்தோடதான் எங்களுக்குப் பிரச்சினை.

தெரியாத ஆக்களுக்குச் சின்ன அறிமுகம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ். ஒராள் கதையை நடத்த, மற்ற ஆக்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, தாயக்கட்டை உருட்டிக் கதையை முன்னுக்குக் கொண்டு போகிற விளையாட்டு. 2014இல் வந்த விளையாடுநர் கைநூலில் 12 பாத்திர வகைகள் இருக்கின்றன. வாள் பிடிக்கிற ஃபைட்டர், மந்திரம் படித்த விஸார்ட், பாட்டாலேயே மந்திரம் போடுகிற பார்ட் எண்டு பட்டியல் போகும்.

இப்ப சர்வைவரின் விதி. வடிவங்கள் பல இருக்கு. வழமையான ஒன்றை எடுப்பம். 12 வகைக்கும் தலா 20 புள்ளி. ஒரு நாளைக்கு ஒராளுக்கு ஒரு முறை. அந்த முறையில் ஒன்றுக்கு 1 புள்ளி கூட்ட வேணும், இன்னொன்றுக்கு 2 புள்ளி கழிக்க வேணும். பூச்சியத்துக்கு வந்தது வெளியே.

மொத்தம் 240 புள்ளி. ஆர் வந்து ஆருக்குப் போட்டாலும் 1 கூடி 2 குறையும். அதாவது ஒவ்வொரு முறையும் மொத்தத்தில் 1 குறையும். வெல்கிறது கடைசியில் 14 புள்ளியோட நிண்டால், நடந்த முறைகள் ஏறக்குறைய 226. 30 பேர் விளையாடினால் எட்டு நாளில் முடியும். எவ்வளவு காரசாரமாகச் சண்டை பிடிச்சாலும் இந்த நீளம் பெரிசாக மாறாது.

சரி, ஏன் கழிக்கிறது மட்டும் 2? கூட்டுறதும் 1, கழிக்கிறதும் 1 எண்டு வைச்சுப் பாருங்கோ. மொத்தம் 240இலேயே நிற்கும். ஒரே ஒரு பாத்திரம் 240 புள்ளியையும் தன்னட்ட இழுத்தால்தான் ஆட்டம் முடியும். அப்பிடி ஒரு நாள் வராமலே போகலாம். ஆட்டம் முடிய வேணும் என்ற ஒரே காரணத்துக்குத்தான் அந்த 2 தேவைப்படுகிறது. ஆனால் முடிக்கிறதுக்காக வைத்த அந்த எண்ணே, ஆர் வெல்லுவினம் என்பதையும் தீர்மானிக்கத் தொடங்குகிறது.

எப்பிடி? 30 பேரில் 8 பேருக்கு பார்ட் உயிர். 6 பேருக்கு அதைக் கண்ணிலும் காட்டக் கூடாது. ஒரு நாளைக்கு 8 கூடும், 12 குறையும். மிச்சம் 4 நட்டம். ஐந்தாம் நாள் பார்ட் காலி. அதே நேரம் ஃபைட்டரை ஒரே ஒராளுக்குத்தான் பிடிக்கும். ஆனால் கோபிக்க ஆளே இல்லை. ஐந்து நாளில் அது 25 புள்ளிக்கு வந்து நிற்கும். எட்டுப் பேர் நேசித்தது தோற்றுப் போக, ஒராளின் தயவில் இருந்தது முன்னுக்கு வருகிறது. ஒரு வெறுப்பைச் சமன் செய்ய இரண்டு விருப்பம் வேணும் என்பதுதான் இந்த விளையாட்டின் உண்மையான விதி.

கூட்டுச் சேர்ந்தால் இன்னும் மோசம். 20 புள்ளியை முடிக்கப் பத்து அடி போதும். 30 பேரில் 10 பேர் இரகசியமாகக் கதைச்சு வைச்சு ஒன்றையே அடித்தால், அதைக் காப்பாற்ற மற்ற 20 பேரும் ஒராள் விடாமல் அதுக்கே கூட்ட வேணும். ஆளாளுக்கு ஒரு விருப்பம் இருக்கிற கூட்டத்தில் அது நடக்குமா? மூன்றில் ஒரு பங்கு ஒற்றுமையாக இருந்தால், எதையும் எப்ப வேணுமெண்டாலும் வெளியேற்றலாம்.

மனசுக்குப் பட்டபடி போட்டால் என்ன எண்டு கேட்கலாம். அலன் கிபர்ட் 1973இலும் மார்க் சாட்டர்த்வெயிட் 1975இலும் தனித்தனியாக நிறுவிய ஒரு தேற்றம் இருக்கிறது. வெல்லக்கூடிய தெரிவுகள் மூன்றோ அதுக்கு மேலோ இருந்து, முடிவு ஒரே ஆளின் கையில் இல்லாவிட்டால், தரவரிசையை வைத்துத் தெரிகிற எந்த முறையிலும் பொய்யாக வாக்குப் போட்டு லாபம் எடுக்கக்கூடிய சந்தர்ப்பம் வரும். சர்வைவரில் அது விளையாட்டின் சுவை. உங்களுக்குப் பிடிச்சதுக்குப் போட்டியாக வரக்கூடியதை முதல் நாளே அடிக்கிற தந்திரம் எல்லாருக்கும் தெரியும். அதில் எங்களுக்குக் குறை இல்லை. அந்தத் தந்திரங்களுக்குப் பிறகு மிஞ்சினதை 'எல்லாருக்கும் பிடிச்சது' எண்டு சொல்லுறதுதான் பிழை. மிஞ்சினது, கன பேர் கவனிக்காமல் விட்டது.

வெளியேற்றுகிற விதி எங்கட நாட்டு வாக்குச்சீட்டிலும் இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் ஒருவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர எல்லாரும் ஒரேயடியாக வெளியே. அவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் அடுத்த விருப்பு எண்ணப்படும். 2024இல்தான் முதன்முறையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. முதல் சுற்றில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம். மற்ற வேட்பாளர்களுக்கு விழுந்தது 33 இலட்சம் வாக்குகளுக்கு மேல். அதில் இந்த இருவருக்கும் விருப்பு வாக்காகப் போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. இங்கே கழித்தல் இல்லை, வெறுப்புக்கு இரட்டை நிறையும் இல்லை. ஆனால் விதி ஒரு இரண்டாவது வாய்ப்பைத் தந்தும், 30 இலட்சம் பேரின் குரல் முதல் சுற்றோடயே நிண்டு போனது. சிலர் வேணுமெண்டே விட்டிருக்கலாம். விதி விளங்காமல் விட்டவர்களும் அதுக்குள்ள இருப்பினம்.

வாக்குப் போடுறது எங்கட தலைமுறைக்குப் பழகின காரியம். அடுத்து எந்தப் புத்தகம் வாசிக்கிறது, எந்தப் படம் போடுறது, ஆர் தலைவர் எண்டு எல்லாத்துக்கும் கை தூக்குகிறோம். எந்த முறையில் எண்ணப் போகிறோம் எண்டு கேட்கிற ஆக்கள் குறைவு. பிடிக்காததை ஒவ்வொன்றாகத் தூக்குகிற முறையை எடுத்தால், ஆரையும் உறுத்தாத, ஆரையும் அசைக்காத ஒரு புத்தகம்தான் கையில் வரும். ஒராள் தனக்குச் சரியெண்டு படுகிற எல்லாத்துக்கும் கை தூக்கலாம், கூடக் கை விழுந்தது வெல்லும் எண்டு வைச்சால், அதே ஆக்களோட வேற புத்தகம் வரலாம். இரண்டும் நேர்மையான முறைகள்தான். ஆனால் இரண்டும் வேற வேற கேள்விக்கு விடை சொல்லுகிறவை.

அதால, அடுத்த முறை உங்கட கூட்டத்தில் வாக்கெடுப்பு எண்டு ஆராவது சொன்னால், தெரிவுகளைப் பற்றி வாதாட முதல் ஒரு ஐந்து நிமிசம் விதியைப் பற்றிக் கதையுங்கோ. பிடிச்சதைத் தேடுகிறோமா, பிடிக்காததைக் கழிக்கிறோமா? ஒரு 'வேண்டாம்' எத்தனை 'வேணும்'க்குச் சமன்? முதல் கை உயர முந்தியே இது முடிவாக வேணும்.