சதையி நோவுக்கு ஊசி: தீர்வா, அவகாசமா?

நாட்பட்ட சதையி அழற்சியால் அவதியுறும் எம்மவர் சிலர், "நரம்பை மரக்கச் செய்யும் ஊசி ஒன்று இருக்கிறதாமே டொக்டர், போட்டால் நோ முற்றாக விட்டுவிடுமா?" என எம்மிடம் கேட்பதுண்டு. (சதையியைத் தமிழ்நாட்டில் கணையம் என்பர்.) வேறு சிலரோ, கால் இழுத்துவிடும் என்ற பயத்தில் அந்தப் பேச்சையே எடுக்க விடுவதில்லை. இரண்டுமே சரியல்ல என்பது எமது கருத்து.

சதையியிலிருந்து நோவை எடுத்துச் செல்லும் நரம்புகள், இரைப்பைக்குப் பின்னால், பெருநாடியின் முன்புறத்தில் ஒரு பின்னலாக அமைந்துள்ளன. அதனருகே விறைப்பு மருந்தையும் ஸ்டீரொயிட்டையும் செலுத்துவதே இச்சிகிச்சை. முதுகுவழி ஊசியேற்றும் முறையை ஜெர்மன் சத்திரசிகிச்சை நிபுணர் மக்ஸ் கப்பிஸ் 1914இல் விபரித்தார். இன்று ஸ்கான் பார்த்தபடி முதுகுவழியாகவோ, வாய்வழி இறக்கும் குழாயின் அல்ட்ராசவுண்ட் உதவியுடனோ செய்கிறார்கள்.

பயன் என்ன? ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு நோ தணிகிறது. அதுவும் பெரும்பாலும் சில வாரங்கள் அல்லது சில மாதங்களுக்கே. சதையிப் புற்றுநோயாளருக்கு மதுசாரம் செலுத்தி நரம்பையே அழிப்பது வேறு சிகிச்சை. அதன் பலனை இதில் எதிர்பார்க்கக் கூடாது. தற்காலிக வயிற்றோட்டமும் இரத்த அழுத்தம் குறைவதும் ஏற்படலாம். கால் செயலிழப்பது மிக மிக அரிது. அதுவும் பெரும்பாலும் நரம்பை அழிக்கும் சிகிச்சையிலேயே பதிவாகியுள்ளது.

ஆகவே இந்த ஊசி தருவது தீர்வல்ல, அவகாசம். அந்த அவகாசத்தில் குடியையும் புகைத்தலையும் விட வேண்டும். சாப்பாட்டுடன் நொதிய மாத்திரை எடுத்து உடல் தேற வேண்டும். வலுவான நோ மாத்திரைகளை வைத்தியரின் ஆலோசனையுடன் குறைக்க வேண்டும். எதையும் மாற்றாமல் ஊசிக்குப் பின் ஊசி போடுவதில் பயனில்லை.

"காலப்போக்கில் தானாக அடங்கும்" என்று காத்திருப்போரும் உளர். சூரிச்சில் ருடோல்ஃப் அம்மான் குழுவினர் 245 நோயாளரைத் தொடர்ந்து அவதானித்து 1984இல் வெளியிட்ட ஆய்வில், சுரப்பி செயலிழக்கையில் பலருக்கு நோவும் அடங்கியது உண்மைதான். ஆனால் எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. 2020இல் வெளியான ஒல்லாந்து ஆய்வில், சதையிக் குழாய் விரிவடைந்திருந்த 88 பேரில், முன்கூட்டியே சத்திரசிகிச்சை பெற்றோருக்கு நோ கூடுதலாகத் தணிந்தது. எனவே உங்கள் குழாயில் அடைப்போ கல்லோ உண்டா என்பதை ஊசிக்கு முன்னரே கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சதையி நோ என்றதும் "குடிகாரன்" என முத்திரை குத்துவது எம்மவர் வழக்கம். ஒருநாளும் குடியாதவருக்கும் இது வரும். தெற்காசியரில் பரம்பரைக் காரணங்களும் அறியப்பட்டுள்ளன. இந்த முத்திரைக்குப் பயந்தே, குடிப்பவர் உண்மையை மறைக்கிறார். மகளை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு, தினமும் எவ்வளவு குடிக்கிறேன் என்று எந்தத் தகப்பன் சொல்வார்? பிள்ளையை வெளியே இருத்திவிட்டு, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென முன்கூட்டியே மருத்துவமனையில் கேளுங்கள். அவரும் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே.

ஊசி போடுவதா இல்லையா என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம். முதலில் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுவோம்.